ஒரே தொண்டை

தூத்துக்குடி தாணுலிங்கம் அண்ணாச்சியின் மக்ரூன் கம்பெனியில் அன்று காலை அடுப்பைத் திறந்த லிங்கராஜ், தட்டை வெளியே இழுத்தவன் இழுத்தபடியே நின்றுவிட்டான். சின்னச் சின்னக் கோபுரங்களாக நிமிர்ந்து நிற்க வேண்டிய மக்ரூன்கள் தட்டோடு தட்டாகப் படுத்துக் கிடந்தன. அடுத்த தட்டும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

அண்ணாச்சி வந்து ஒன்றைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் அதை ஊடுருவித் தெரிந்தது.

"என்னலே இது? மக்ரூனா, அப்பளமா?"

காரணம் எல்லோருக்கும் தெரியும். முந்தைய நாள் சாயங்காலம் முட்டை வெள்ளையும் சீனியும் மிஷினில் நுரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ரோச், சீனி மூட்டைமேல் இருந்த ஸ்பீக்கருக்கு எந்தப் போனை இணைப்பது என்பதில் பெர்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் ஒரு பாட்டைப் போட, அவள் நிறுத்த, அவள் ஒன்றைப் போட, அவன் நிறுத்த, கேட்பாரில்லாமல் சுற்றிய மிஷினில் நுரை உடைந்து தண்ணியாகிவிட்டது. அதை முந்திரித்தூளால் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்ததுதான் இப்போது அப்பளமாக வந்து நிற்கிறது.

"பாட்டு கேக்கணும், அவ்வளவுதான?" அண்ணாச்சி ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டார். "கேளுங்க. ஆனா ஒரே ஒரு ஆளு. யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ஒருவாட்டி முடிவு பண்ணியாச்சுன்னா இந்தக் கம்பெனி இருக்கது வரைக்கும் அந்த ஆளு பாட்டுதான். வேற பாட்டு ஒண்ணு கேட்டுச்சு, இதத் தூக்கிட்டுப் போய் என் பேத்திகிட்ட குடுத்துருவேன். திங்கக்கிழமை சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஸ்பீக்கரோடு கடைப்பக்கம் போய்விட்டார்.

அந்தச் சத்தமில்லாத பகல் ரொம்ப நீளமாக இருந்தது. மிஷின் மட்டும் கடகடவென்று ஓடியது. மத்தியானம் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்ததும் முதல் ஆளாக ரோச் ஆரம்பித்தான்.

"இதுல பேசதுக்கு என்ன இருக்கு? இளையராஜா. முடிஞ்சுபோச்சு. எஸ்.பி.பி. வேணுமா, உண்டு. ஜானகியம்மா வேணுமா, உண்டு. எல்லாரும் அதுலயே வந்துருதாங்க."

"அது கள்ளாட்டம்," என்றாள் பெர்சி. நாசரேத்துக்காரி, பி.காம். முடித்தவள், பெட்டி கட்டுவதும் போனில் வரும் ஆர்டர்களைப் பார்ப்பதும் அவள் வேலை. "ஒரு ஆளுன்னா ஒரு ஆளு. அண்ணாச்சி ஊரையே கூட்டிட்டு வரச் சொல்லல. ஒரே தொண்டை. அதான் ரூல்."

"இது யாரு போட்ட ரூலு?"

"நான் போட்டது. சரியா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

ரோச் நியாயத்தை நியாயம் என்று ஒப்புக்கொள்கிற ஆள்தான். "சரி. ஒரே தொண்டை. அப்பம் எஸ்.பி.பி."

பெர்சிக்குச் சித்ரா. அடுப்புக்கார லிங்கராஜுக்கு டி.எம்.எஸ். முட்டை உடைத்து மஞ்சளையும் வெள்ளையையும் பிரிக்கிற செல்லக்கனிக்கு எல்.ஆர்.ஈஸ்வரி, அந்த அம்மாள் குரல் இல்லாமல் ஆடி மாசமே வராது என்று செல்லக்கனி அடித்துச் சொன்னாள். எல்லோரும் சொல்லிமுடித்து உமாராணியைப் பார்த்தார்கள்.

உமாராணிக்கு நாற்பதை ஒட்டிய வயசு. காகிதக் கூம்பில் மாவை அடைத்துத் தட்டில் வரிசையாக மக்ரூன் பிழிகிறவள் அவள்தான். சண்டை சச்சரவு எதிலும் தலையிடாதவள். அவள் மீன்குழம்பில் சோற்றைப் பிசைந்தபடியே, "எனக்கு எதுனாலும் சரிதான்," என்றாள்.

"எதுனாலும் சரின்னு சொல்லதுக்கு இது இட்லியா தோசையாக்கா?" என்று பெர்சி திருப்பிக் கேட்டாள். "காலம் பூரா கேக்கப் போறது. உங்களுக்குன்னு ஒரு ஆளு இருக்கும்லா?"

உமாராணி வாயைத் திறந்தாள். ஒரு பெயரும் வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மறுநாளுக்குள் கூட்டணி பேசி முடிந்துவிட்டது. ஈஸ்வரியம்மா கிடைக்காவிட்டாலும் பொம்பளைக் குரலாவது இருக்கட்டும் என்று செல்லக்கனி பெர்சி பக்கம் போனாள். டி.எம்.எஸ்ஸை விட்டுக்கொடுக்க லிங்கராஜுக்கு மனசே இல்லை. ஆனாலும் ரோச் அவனுக்கு இரண்டு டீ வாங்கிக்கொடுத்து எப்படியோ மசிய வைத்துவிட்டான். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நடுவில் உமாராணி.

அதுவரை யாரும் பெரிதாக ஏறிட்டுப் பார்க்காத உமாராணிக்கு ஒரே நாளில் மவுசு கூடிவிட்டது. ரோச் தன் மச்சான் வள்ளத்தில் வந்த சீலா மீனில் நடுத்துண்டாகப் பார்த்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தான். "ஓட்டுக்காக இல்ல கேட்டியா, சும்மாதான்," என்று அவன் சொன்ன விதத்திலேயே ஓட்டுக்குத்தான் என்பது தெரிந்தது. பெர்சி தன் இயர்போனைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். "நீங்க யாரு பாட்ட வேணும்னாலும் கேளுங்கக்கா. நல்லாக் கேட்டுட்டு சித்ரான்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் முத்தையாபுரத்து வீட்டில் சீலா மீன் பொரிந்துகொண்டிருந்தது. உமாராணியின் புருஷன் செந்தில்வேல் துறைமுகத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன். குளித்துவிட்டு வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி கதை முழுவதையும் கேட்டுச் சிரித்தான்.

"இதுக்குப்போயி ஏன் மண்டைய உடைக்க? உனக்குத்தான் சுசீலாம்மான்னா உயிராச்சே. அவங்களச் சொல்ல வேண்டியதுதான?"

உமாராணி கரண்டியோடு திரும்பினாள். "எனக்கா? யாரு சொன்னா?"

"நீதாம்ளா சொன்ன. கல்யாணம் முடிஞ்சு திருச்செந்தூருக்குப் போனோம்லா? பஸ்ல சுசீலாம்மா பாட்டா போட்டுட்டு வந்தான். நல்லாருக்கான்னு கேட்டேன். ரொம்ப நல்லாருக்குன்னு சொன்ன."

"ஜன்னல் சீட்டக் கேக்கீங்கன்னு நினைச்சேன்!"

செந்தில்வேல் கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது. "அப்பம் நான் இத்தன வருஷமா காலைல எந்திரிச்சதும் சுசீலாம்மா பாட்டு போடுதது?"

"உங்களுக்குப் பிடிக்குன்னுல்லா நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"எனக்கா? எனக்கு நையாண்டி மேளம்தான் பிடிக்கும். தவில் அடி விழுந்தாத்தான் எனக்குப் பாட்டு. உனக்காண்டி கேசட்டு வாங்கி, சீடி வாங்கி, மெமரி கார்டுல ஏத்தி…"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததில் பக்கத்து வீட்டு இசக்கித்தாய் என்னமோ ஏதோ என்று சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். மீனின் ஒரு பக்கம் கருகிப்போனது.

சாப்பிடும்போது செந்தில்வேல் கேட்டான். "சரி, இப்பம் சொல்லு. உனக்கு யாரப் பிடிக்கும்?"

"தெரியலயே," என்றாள் உமாராணி. பிறந்த வீட்டில் அண்ணன்மார் போட்டதைக் கேட்டாள். இங்கே வந்து சுசீலாம்மா. கம்பெனியில் ரோச்சும் பெர்சியும் போடுவது. பஸ்ஸில் டிரைவர் போடுவது. பாட்டு இல்லாமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் இதைப் போடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் தடுக்கவும் இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து பஸ் ஏறியதும் இயர்போனை மாட்டிக்கொண்டாள். முதலில் எஸ்.பி.பி. நன்றாக இருந்தது. அடுத்த நாள் சித்ரா. அதுவும் நன்றாக இருந்தது. நகைக்கடை ஷோகேஸில் நகை பார்ப்பது மாதிரி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. அவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள், நமக்கு ரசிக்கத் தெரியவில்லையே என்று உமாராணிக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவர்களுக்கு ஓட்டுப் போட லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள், நாம் ஒருத்தி போடாவிட்டால் என்ன என்றும் தோன்றியது.

சனிக்கிழமை பஸ்ஸில் எஸ்.பி.பி. பாட்டு ஒன்று முடிந்து, போன் தானாகவே அடுத்ததற்குத் தாவியது. யாரோ கூட்டத்தில் நின்று எடுத்த வீடியோ. பெரியதாழை கடற்கரைக் கோயில் திருவிழா மேடை. சீரியல் பல்பு, பின்னால் 'செவ்வானம் இன்னிசைக் குழு' என்று பேனர், அதன் கீழே ஒரு போன் நம்பர். நடுவில் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண். மெரூன் கலர் சேலை, மூக்கு நுனியில் கண்ணாடி, ஒரு கையில் மைக், மறு கையில் வேர்வை துடைக்கிற கைக்குட்டை. சாத்தான்குளம் அற்புதமணி என்று அறிவித்தார்கள். சற்று முன்பு எஸ்.பி.பி. பாடிய அதே பாட்டைத்தான் அவளும் பாட ஆரம்பித்தாள்.

குரல் ஒன்றும் தேன் மாதிரி இல்லை. கொஞ்சம் கரகரப்பு உண்டு. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆனால் பக்கத்து வீட்டு மதினி வாசலில் நின்று ஒரு சங்கதியைச் சொல்வது மாதிரி, உமாராணியைப் பார்த்தே சொல்வது மாதிரி இருந்தது. சரணத்தின் பாதியில் பட்டென்று கரண்டு போய்விட்டது. மேடை இருண்டது. வாத்தியங்கள் நின்றன. கூட்டம் ஓவென்று கத்தியது. அந்தக் கத்தலுக்கு நடுவே, மைக் இல்லாத அந்தக் குரல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கடல் சத்தமும் அவள் குரலும்தான். ஒரு வரி, இரண்டு வரி, சரணம் முழுவதும். திடீரென்று ஜெனரேட்டர் உறுமி விளக்கெல்லாம் எரிந்தபோது அற்புதமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாட்டை விடாமல் பல்லவிக்கு வந்து சேர்ந்தாள்.

உமாராணியும் சிரித்துவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். உமாராணி அதையெல்லாம் கவனிக்கவில்லை. திரும்ப அதையே போட்டாள். பிறகு அந்தக் குழுவின் வேறொரு வீடியோ. அதில் சுசீலாம்மா பாட்டு, இன்னொன்றில் அம்மன் பாட்டு, இன்னொன்றில் கிறிஸ்தவக் கீர்த்தனை. எதைப் பாடினாலும் அது அற்புதமணி பாட்டாகத்தான் இருந்தது. உடம்பு சிலிர்த்தது. இதுதான், இதேதான் என்று அவளுக்கு உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வந்து, குவித்து வைத்த உப்பு சாயங்கால வெயிலில் பளபளத்தபோதுதான் தன் ஸ்டாப் எப்போதோ போய்விட்டது தெரிந்தது. முள்ளக்காட்டில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். அந்தப் பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டேதான் வந்தாள்.

திங்கட்கிழமை காலை அண்ணாச்சி ஸ்பீக்கரோடு வந்து நடுவில் நின்றார். "என்ன, முடிவாச்சா?"

"ரெண்டுக்கு ரெண்டு அண்ணாச்சி. உமா சொல்லதுதான்," என்றான் ரோச். சீலா மீனை நினைவுபடுத்துகிற மாதிரி அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். பெர்சி இயர்போன் மாட்டுவது போல் காதைத் தொட்டுக் காட்டினாள்.

உமாராணி கையிலிருந்த கூம்பைக் கீழே வைத்தாள். "எனக்குச் சாத்தான்குளம் அற்புதமணி," என்றாள்.

"அது யாருளா?" என்று செல்லக்கனி கேட்டாள்.

"இந்தப் போட்டியிலயே இல்லாத ஆளச் சொன்னா எப்படி?" என்று ரோச் எகிறினான். "வேட்புமனுத் தாக்கல் பண்ண வேண்டாமா?"

"இப்பம் பண்ணுதேன்," என்றாள் உமாராணி. அப்படி ஒரு பதில் தன் வாயிலிருந்து வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அண்ணாச்சியிடமிருந்து ஸ்பீக்கரை வாங்கித் தன் போனை இணைத்தாள். பெரியதாழை வீடியோ ஓடியது. பாட்டு ஆரம்பித்ததும் ரோச், "எஸ்.பி.பி. பாட்டுல்லா இது!" என்றான். ஆனால் கரண்டு போன இடத்தில் மிஷினைக்கூட நிறுத்திவிட்டான். ஜெனரேட்டர் வந்து அற்புதமணி சிரித்தபோது லிங்கராஜ் தன்னை மறந்து கை தட்டினான்.

"நல்லாத்தான் பாடுதாங்க," என்று பெர்சி இழுத்தாள். "ஆனா அவங்களுக்குன்னு சொந்தப் பாட்டு ஒண்ணுகூட இல்லயே அக்கா. எல்லாம் அடுத்தவங்க பாட்டு."

"பாட்டு யாருதா இருந்தா என்ன? தொண்டை ஒண்ணுதான?" என்றாள் உமாராணி.

ரோச் முதலில் பெர்சியைப் பார்த்தான், பிறகு கடகடவென்று சிரித்தான். "மாதாவே! உன் ரூல வச்சே உன்ன மடக்கிட்டாளே, பெர்சி!"

"அம்மன் பாட்டு பாடுவாளா?" என்று செல்லக்கனி கேட்டாள். பாடுவாள், குலசேகரன்பட்டினம் தசராவில் பாடிய வீடியோ இருக்கிறது என்றாள் உமாராணி. "டி.எம்.எஸ். பாட்டு?" என்று லிங்கராஜ் கேட்டான். இரண்டு இருக்கிறது. சித்ரா பாட்டு எத்தனை என்று பெர்சி தன் போனிலேயே தேடிப் பார்த்துக்கொண்டாள். மூன்று இருந்தது. அவளும் ஒருவழியாகத் தலையாட்டினாள்.

"பொறவு மாத்தக் கேக்கப்பிடாது," என்று எச்சரித்துவிட்டு அண்ணாச்சி போனார்.

முதல் இரண்டு வாரம் கம்பெனியில் திருவிழாதான். எல்லாமே மேடையில் எடுத்த வீடியோக்கள் என்பதால் பாட்டோடு வேட்டுச் சத்தம், குழந்தை அழுகை, ஐஸ்காரன் மணி எல்லாம் சேர்ந்தே வந்தன. நடுநடுவே அறிவிப்பு வேறு. அதிலும் பெரியதாழை மேடையில் எடுத்த இன்னொரு வீடியோவில் வரும் ஒரு அறிவிப்பு தினமும் மூன்று தடவையாவது ஓடும். "ஜெபசீலன், ஜெபசீலன், எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்குப் பின்புறம் வரவும்." செல்லக்கனி ஒவ்வொரு தடவையும் முட்டை உடைப்பதை நிறுத்திவிட்டு, "இன்னும் கிடைக்கலியா அந்தப் பய!" என்பாள். லிங்கராஜ் அடுப்பருகிலிருந்து, "இங்கன வரல," என்று பதில் குரல் கொடுப்பான். ஜெபசீலன் எங்கே போனான் என்பது பற்றி ஆளுக்கொரு கதை கட்டினார்கள். பெர்சி கட்டிய கதையில் அவன் ஒரு பெண்ணோடு கொழும்புக்கே போய்விட்டான்.

ஆனால் இருந்த வீடியோக்கள் மொத்தமே முப்பது சொச்சம். மூன்றாவது வாரத்தில் அந்தத் திருவிழா ஆட்டம் கண்டது. இந்தப் பாட்டு முடிந்தால் எந்தப் பாட்டு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அழுகிற குழந்தை எந்த வரியில் அழத் தொடங்கும் என்பதுவரை தெரிந்துவிட்டது. ரோச் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தான். "இந்தக் கம்பெனி இருக்கது வரைக்கும்னா, கம்பெனி சீக்கிரம் மூடிரும்போல இருக்கே," என்று முனகினான். உமாராணிக்குச் சுருக்கென்றது. தனக்குச் சலிக்கவில்லையே, இவர்களுக்கு மட்டும் ஏன் சலிக்கிறது என்று வருத்தமாக இருந்தது. தன் ஆளை யாரோ குறை சொன்ன மாதிரி கோபமும் வந்தது.

மத்தியானம் கைகழுவிவிட்டு, வீடியோவில் பேனருக்குக் கீழே இருந்த நம்பரை அழைத்தாள்.

"செவ்வானம் இன்னிசைக் குழு, சொல்லுங்க," என்றது அதே கரகரத்த குரல். உமாராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ, எப்பம் பங்ஷன்? கல்யாணமா, கோயில் கொடையா?"

"பங்ஷன் இல்லக்கா. நான் தூத்துக்குடில மக்ரூன் கம்பெனில வேல பாக்கேன். எங்க கம்பெனில உங்க பாட்டு மட்டுந்தான் ஓடுது."

"மட்டும்னா?"

"வேற யாரு பாட்டும் கிடையாது. இனிமே எந்தக் காலத்துக்கும் நீங்கதான்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆனா பாட்டு பத்தல. உங்ககிட்ட வேற ரெக்கார்டு ஏதும் இருக்குமான்னு…"

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. ஜெனரேட்டர் வந்தபோது சிரித்த அதே சிரிப்பு. "ஏளா, என் வீட்டுக்காரரே என் பாட்ட ரெண்டுக்கு மேல தாங்கமாட்டாரே! நீங்க நாள் பூரா கேக்கியளா?"

அடுத்த வியாழக்கிழமை தூத்துக்குடியில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் பாட வந்த அற்புதமணி, போகிற வழியில் கம்பெனி வாசலில் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். நேரில் வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம். அண்ணாச்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. மிஷின், அடுப்பு, உமாராணியின் கையிலிருந்த கூம்பு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். சூடாக ஒரு மக்ரூனை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

செல்லக்கனிக்குப் பொறுக்கவில்லை. "எக்கா, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்த ஜெபசீலன் கிடைச்சானா?"

"அவனா? என் மவன்தான். ஜெனரேட்டரு அவன் பொறுப்பு. விட்டுட்டு கரும்புச்சாறு குடிக்கப் போயிட்டான் படுபாவி. அதனாலதான அன்னைக்கு இருட்டுல கெடந்து பாடினேன்!" வாசலில் வேனுக்குப் பக்கத்தில் நின்ற தாடிக்காரனைக் கைகாட்டினாள். கம்பெனியே வாசலுக்கு ஓடிப்போய் ஜெபசீலனைப் பார்த்தது. ஒன்றும் புரியாமல் அவன் எல்லோருக்கும் கும்பிடு போட்டான்.

சிரிப்பு அடங்கியதும் பெர்சி கேட்டாள். "மேடம், உங்களுக்கு ஒரே ஒரு ஆளு பாட்டுதான் காலம் பூரான்னா யாரச் சொல்வீங்க?" கேள்வியிலேயே சித்ரா என்ற பதிலை எதிர்பார்ப்பது தெரிந்தது. ரோச்சும் கிட்டே வந்து நின்றான்.

அற்புதமணி நிஜமாகவே யோசித்தாள். கைக்குட்டையால் உதட்டோரத்துச் சீனியைத் துடைத்தாள். "அது எப்படிம்மா ஒரு ஆளச் சொல்ல? மத்தவங்கள்ளாம் என்ன பாவம் பண்ணாங்க? எஸ்.பி.பி. சாரக் கேக்காம எஸ்.பி.பி. பாட்டு நான் எங்கன படிச்சேன்? எல்லாரையும் கேட்டுக் கேட்டுத்தான இந்தத் தொண்டையே வந்துச்சு."

உமாராணி கூம்பைப் பார்த்தபடி நின்றாள். அற்புதமணி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீதான போன் பண்ணது?"

"ஆமாக்கா."

"எனக்குன்னு ஓட்டு போட்ட மொத ஆளு நீதான் தாயி. கவுன்சிலர் எலக்சன்ல நின்னேன், அங்கனகூட விழல." மறுபடி சிரித்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணாச்சி, வாரம் பூரா பாடுனா தொண்டை கட்டிரும். எனக்குச் சனிக்கிழமை ஒருநாளு லீவு குடுங்க. அன்னைக்கு யாரு வேணும்னாலும் பாடட்டும். என்ன?"

அண்ணாச்சி தன் கம்பெனியில் யாருக்கும் இவ்வளவு சுலபமாக லீவு கொடுத்ததில்லை. "அதுக்கென்ன, எடுத்துக்கிடுங்க," என்றார். ரோச் காதிலிருந்த பஞ்சை எடுத்துத் தூர வீசினான்.

"சரி, கெளம்பதுக்கு முன்ன ஒண்ணு பாடுதேன். நீ சொல்லு, என்ன பாட்டு?" என்று உமாராணியைக் கேட்டாள். ஐந்தாறு பேர் முன்னால், இப்படி ஒரு கேள்வி. உமாராணி தயங்கவே இல்லை. பாட்டின் முதல் வரியைச் சொன்னாள். அது யாரும் ஓட்டுப் போட்ட ஆளின் பாட்டு இல்லை. தசரா வீடியோவின் கடைசியில், மேடையைக் கலைக்கிற நேரத்தில், பந்தல்காரர்களுக்காக அற்புதமணி பாடிய ஒரு தாலாட்டு. பாதிதான் பதிவாகியிருந்தது.

"அதக்கூடக் கேட்டியா!" அற்புதமணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மாவு மேஜைமேல் ஒரு கையை ஊன்றி நின்று பாடினாள். வீடியோவில் அறுந்துபோன இடத்துக்கு அப்பால் இன்னும் நாலு வரி இருந்தது. உமாராணி அந்த நாலு வரியையும் கண்ணை இமைக்காமல் கேட்டாள். வேன் போனபிறகும் கொஞ்சநேரம் அவள் கூம்பைக் கையில் எடுக்கவில்லை.

முதல் சனிக்கிழமை வந்தது. ஸ்பீக்கரை யார் முதலில் பிடிப்பது என்று ரோச்சும் பெர்சியும் வழக்கத்துக்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் சீனி மூட்டைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு முன்பே தாணுலிங்கம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். போனைக் கண்ணுக்கு நேரே தூரமாகப் பிடித்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?" என்றான் ரோச்.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கலயேலே, உமக்கு யாரு பாட்டுன்னு," என்றார் அண்ணாச்சி.

ஸ்பீக்கரிலிருந்து பழைய இந்திப் பாட்டு ஒன்று துள்ளி வந்தது. பாடுகிறவர் நடுவிலே குரலை உடைத்து உடைத்து விளையாடினார். கிஷோர் குமாராம். வாலிபத்தில் அண்ணாச்சி பம்பாயில் மளிகைக்கடையில் வேலைக்கு நின்றாராம். எதிரே இருந்த ஈரானி டீக்கடை ரேடியோவில் நாள் முழுக்க இந்த ஆள்தான் பாடுவாராம். இதையெல்லாம் சொல்லும்போதே அவர் கால் தரையில் தாளம் போட்டது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வார்த்த புரியலயே அண்ணாச்சி," என்று செல்லக்கனி கூடையோடு நின்று சொன்னாள்.

"புரியாண்டாம். கேளு."

வேலை தொடங்கிய பிறகும் கிஷோர் குமார்தான். உமாராணி முதல் தட்டில் மக்ரூன் பிழிந்துகொண்டிருந்தாள். பாடுகிறவர் மறுபடியும் குரலை உடைத்து எங்கோ மேலே தூக்கிக்கொண்டு போனார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமா வைங்க," என்றாள்.